சூடான சூப்பில் குருணை

பரிசோதனைக் கூடத்தில் அவளுடைய மேசை கடைசி மேசை. ஜன்னலை ஒட்டி, காற்றை வெளியே தள்ளும் விசிறிக்கு நேர் கீழே போட்டிருந்தார்கள். மரியாதைக்காகக் கொடுத்த இடமில்லை அது. மற்ற மேசைகளுக்கு ரத்தமும் சிறுநீரும் சின்னக் குழாய்களில் வரும். அவள் மேசைக்கு, மூடியைச் சுற்றி ஒட்டுநாடா போட்ட தகர டப்பாக்கள் வரும். ஒரு டப்பாவில் ஒரு நோயாளியின் மூன்று நாள் மலம். அதில் எத்தனை கிராம் கொழுப்பு இருக்கிறது என்று சொல்வதுதான் பதினெட்டு வருடமாக அவள் பார்க்கும் வேலை.

கேட்பவர்கள் முகம் சுளிப்பது அவளுக்குப் பழகிவிட்டது. டப்பாவை எடை போட்டு, தண்ணீர் விட்டு, பெயின்ட் கடையில் இருப்பதைப் போன்ற ஒரு குலுக்கு இயந்திரத்தில் மாட்டிக் கூழாக்குவாள். அதில் கொஞ்சம் எடுத்துக் காரமும் ஆல்கஹாலும் சேர்த்துக் காய்ச்சினால் கொழுப்பு சோப்பாகிவிடும். அமிலம் விட்டு, ஈதர் ஊற்றிக் குலுக்கி நிறுத்தினால் கொழுப்பு அமிலம் ஈதரோடு மேலே வந்து நிற்கும். அந்த மேல் அடுக்கை உறிஞ்சி எடுத்து, இரண்டு சொட்டு சாயம் விட்டு, நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். மஞ்சளாக இருந்தது ஒரு சொட்டில் நீலமாகும். அந்தச் சொட்டில் திருகை மூட வேண்டும். எவ்வளவு காரம் செலவானதோ அவ்வளவுக்குக் கொழுப்பு.

நாளுக்கு நூறு கிராம் கொழுப்பு தின்கிற உடம்பு ஏழு கிராமுக்கு மேல் வெளியே விடக் கூடாது. விட்டால் பித்தமோ கணையமோ குடலோ வேலைநிறுத்தம் செய்கிறது என்று பொருள். கூடத்தில் அவளைக் கொழுப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கத்து மேசையில் ரத்தம் பார்ப்பவர், அக்காவுக்குக் கொழுப்பு அதிகம் என்று யாரும் வாய்க்கு வந்தபடி சொல்லிவிட முடியாது, கிராம் கணக்கோடு ஆதாரம் கேட்பார்கள் என்பார். அவள் சிரிப்பாள். அவர் வருடத்துக்கு நாலு முறை இதைச் சொல்வார், அவளும் நாலு முறை சிரிப்பாள்.

அவளிடம் குறைசொல்ல ஒன்று உண்டு என்றால், எதையும் அளந்துபார்க்காமல் விடமாட்டாள். வேலைக்கு அது நல்லது. வீட்டுக்கு நல்லதா என்று சொல்லத் தெரியவில்லை. அன்பை அளக்கக் கருவி இல்லை என்று பலரும் சொல்கிறார்கள். பொறாமைப்படுகிறவர்களிடம் அந்தக் கருவி இருக்கிறது. அது பெரும்பாலும் சரியாகவே காட்டுகிறது என்பதுதான் அதில் உள்ள தொந்தரவு.

வீடு மாடியும் கீழுமாக இரண்டு குடும்பம். கீழே அவளும், மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கும் கணவரும். மாடியில் கணவரின் தம்பியும் அவன் மனைவியும். தம்பி தூர லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். சமையல் ஒன்றாகக் கீழ்ச் சமையலறையில் நடந்தது. மாமனாரின் அறையும் கீழேதான். அவர் எடை அளவைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவர். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. தினமும் காலையில் பல் தேய்த்ததும் எடைப்பொறியில் ஏறி நின்று, எண்ணைக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்துக்குள் எழுதுவார்.

பாராட்டுவது அவருக்கு வராது. சாப்பாடு நன்றாக இருந்தால் "அளவா இருக்கு" என்பார். அது படிக்கல்லுக்கு முத்திரை குத்துகிற குரல். மூத்த மருமகள் ஒன்பது வருடம் அவருக்குச் சமைத்துப் போட்டு, அந்த முத்திரையை எத்தனையோ முறை வாங்கியிருக்கிறாள். அதற்கு மேல் ஒன்று அவரிடம் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது, இளையவள் கல்யாணமாகி வரும்வரை.

இளையவள் சாண்ட்விச் கடையொன்றில் பின்கட்டில் வேலை பார்த்தவள். அவள் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கிண்ணத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு, முட்டையின் மஞ்சள் கருவில் எலுமிச்சைச் சாறு விட்டு, எண்ணெயை நூல் மாதிரி இறக்கிக்கொண்டே அடித்தாள். பக்கத்தில் நின்று பேசிக்கொண்டும் இருந்தாள். பத்து நிமிடத்தில் கரண்டியை நட்டு வைத்தால் நிற்கிற மாதிரி மயோனைஸ் ஆனது. மாமனார் ரொட்டியில் தடவி ஒரு வாய் தின்றார். இரண்டாவது வாய் தின்றார். பிறகு, "ஏம்மா, நீ சாப்பிட்டியா?" என்று இளையவளைக் கேட்டார்.

மூத்தவள் கையில் தட்டோடு நின்றாள். ஒன்பது வருடத்தில் அவளிடம் அவர் கேட்ட கேள்விகள், கேட் பூட்டியாச்சா, பால் வந்ததா என்ற வகையைச் சேர்ந்தவை. எண்ணெயும் தண்ணீரும் ஏன் பிரியாமல் நிற்கின்றன என்று அவள் விளக்க ஆரம்பித்தாள். மஞ்சள் கருவில் லெசித்தின் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு முனை தண்ணீரைப் பிடிக்கும், மறுமுனை எண்ணெயைப் பிடிக்கும், ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றி அவை வேலி போட்டு நிற்பதால் துளியும் துளியும் சேராது, நம் வயிற்றுக்குள் பித்தம் செய்வதும் இதே வேலைதான் என்றாள். மாமனார் மரியாதையாகக் கேட்டார். "அப்படியா, ரொம்ப நல்லாருக்கு" என்றார். மயோனைசைத்தான் சொன்னார்.

இன்னொரு நாள் பிற்பகல், வீட்டில் யாரும் இல்லாதபோது, மூத்தவள் அதைத் தானே செய்துபார்த்தாள். எல்லாவற்றையும் தராசில் நிறுத்தாள். எண்ணெய் எத்தனை கிராம், எத்தனை நிமிடத்தில் என்று தாளில் எழுதிவைத்துக்கொண்டாள். பாதி வரை சரியாக வந்தது. பிறகு கை அவசரப்பட்டது. எண்ணெய் கொஞ்சம் கூட விழுந்தது. வேலி போடக் கருவுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஒரு நொடியில் எல்லாம் திரிந்து, மஞ்சள் குருணையும் மேலே எண்ணெயுமாகப் பிரிந்தது. அவள் அதைக் கழுவுதொட்டியில் கொட்டப் போனபோது, சாமான் வாங்கக் கடைக்குப் போயிருந்த இளையவள் திரும்பிவிட்டாள்.

"கொட்டாதீங்கக்கா. கெட்டெல்லாம் போகல, பிரிஞ்சுதான் போச்சு" என்றாள்.

வேறு கிண்ணத்தில் புதிதாக ஒரு மஞ்சள் கருவை விட்டு, பிரிந்ததைக் கரண்டி கரண்டியாக அதில் சேர்த்து அடித்தாள். அது மறுபடியும் கூடி வந்தது. ராத்திரி மாமனார் கேட்டபோது, அக்கா பண்ணியது என்றாள். அவர் தின்றுபார்த்து "அளவா இருக்கு" என்றார். அன்று மூத்தவளுக்கு ஏற்பட்ட வயிற்றெரிச்சலுக்கு எந்த மேசையிலும் பரிசோதனை கிடையாது. இளையவள் கெட்டவளாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். நம்மை மிஞ்சுகிறவர் நம்மிடம் நல்லவராகவும் இருந்துவிட்டால், வெறுப்பதற்குக் கையில் ஒரு பிடிமானம்கூடக் கிடைப்பதில்லை.

அதற்கு அடுத்த வருடம் மாமனாருக்குக் கணையத்தில் அழற்சி வந்து, பாதியை வெட்டி எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று எடைப்பொறி ஐம்பத்தொன்று காட்டியது. மிச்சமிருந்த கணையம் போதுமான நொதியைச் சுரக்கவில்லை. பித்தம் கொழுப்பைப் பொடித்துளிகளாக உடைத்துக் கொடுத்தாலும், அந்தத் துளியின்மேல் உட்கார்ந்து அதை வெட்டிப்போட லைபேஸ் என்ற நொதி வேண்டும். அது இல்லாவிட்டால் கொழுப்பு வந்த வழியே, அதாவது போகிற வழியே, போய்விடும். எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. அதனால் நொதியை, கேப்ஸ்யூல் என்கிறார்களே, அந்த மாத்திரைக்கூட்டில் அடைத்து வெளியிலிருந்து கொடுத்தார்கள். சாப்பாட்டோடு வேளைக்கு இரண்டு.

இது மூத்தவளின் ஊர், அவளுடைய தெரு. கூட்டுக்குள் கடுகைவிடச் சின்னக் குருணைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மேல் ஒரு பூச்சு உண்டு, வயிற்று அமிலத்தில் நொதி சாகாமல் அந்தப் பூச்சு காப்பாற்றும், குடலுக்குப் போன பிறகுதான் கரையும் என்றெல்லாம் அவள் எல்லாருக்கும் சொன்னாள். முதல் கவளத்தோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று என்று, கையில் தண்ணீர் டம்ளரோடு அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவருக்கு அது விழுங்க வராது. கூடு பெரியது. தொண்டையில் நிற்கும், குமட்டும், கண்ணில் நீர் வரும். ஒருமுறை யாருக்கும் தெரியாமல் கடித்து விழுங்கி, நொதி வாயையே தின்ன ஆரம்பித்து, நாக்கெல்லாம் புண்ணாகிவிட்டது. அவள் திட்டினாள். நியாயமாகத்தான் திட்டினாள். எப்படியோ இரண்டு மாதத்தில் எடை ஐம்பத்து நாலரையைத் தாண்டியது. அவர் அந்த எண்ணை எழுதிவிட்டு அவளைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தே தலையசைத்தார்.

அப்போதுதான் கூடத்தில் அவளுக்கு வேலைநேரம் மாறியது. காலை ஏழு மணிக்குப் போனால் ராத்திரி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் வர முடியும். மாமனாரின் சாப்பாடு மூன்று வேளையும் இளையவள் கைக்குப் போனது. அவள் கெஞ்சிக் கொஞ்சி ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொண்டாள். கிழவர் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தார். குமட்டல் குறைந்தது. எடை மட்டும் ஏறவில்லை. கொஞ்ச நாள் அங்கேயே நின்றது, பிறகு ஐம்பது கிராம் நூறு கிராமாக இறங்கியது. நிறையச் சாப்பிடுகிறவர் ஏன் இளைக்கிறார் என்று வீட்டில் எல்லாருக்கும் கவலை. மூத்தவளுக்கும் கவலைதான். ஆனால் அவள் தினமும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் போய்க் காலண்டரைப் பார்த்ததில் கவலை மட்டும் இருக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கூடத்தில் மின்சாரம் போய், மதியமே அனுப்பிவிட்டார்கள். அவள் பின்வாசல் வழியாக வந்தாள். சமையலறையில் இளையவள் முதுகைக் காட்டி நின்றாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய சூப், நிறைய க்ரீம் விட்டது, ஆவி பறந்துகொண்டிருந்தது. இளையவள் மாத்திரைக் கூட்டை இரண்டு விரலால் திருகித் திறந்து, உள்ளே இருந்த குருணையை அந்தச் சூப்பில் தூவினாள். இரண்டாவதையும் தூவினாள். கரண்டியால் நன்றாகக் கலக்கினாள்.

மூத்தவளுக்கு அந்த ஒரு பார்வை போதும். கொதிக்கிற சூட்டில் நொதி முட்டை வேகிற மாதிரி வெந்துபோகும். பூச்சும் அந்தச் சூட்டில் இளகிவிடும். அவருக்குப் போய்ச் சேருவது மருந்தில்லை, தூசு. எடை ஏன் இறங்குகிறது என்பதற்கு விடை அவள் கண்ணெதிரே ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

இளையவள் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். "என்னக்கா, சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றாள்.

கரண்ட் இல்லை என்றாள் மூத்தவள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

அவ்வளவுதான் நடந்தது. அவள் தீர்மானம் எதுவும் செய்யவில்லை. முகம் கழுவிவிட்டு வந்து சொல்லலாம் என்று நினைத்தாள். முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது வேறொன்று தோன்றியது. இப்போது சமையலறையில் வைத்துச் சொன்னால், "ஐயோ, தெரியாம பண்ணிட்டேங்கக்கா" என்று அவள் சொல்வாள், நாளையிலிருந்து சரியாகச் செய்வாள், எடை ஏறும், பெயர் அவளுக்குப் போகும். இன்னும் இரண்டு வாரத்தில் டாக்டரிடம் போக வேண்டிய முறை வருகிறது. மலக் கொழுப்புப் பரிசோதனைக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கையில் எண் இருந்தால் யாரும் மறுக்க முடியாது. முறையாகச் செய்வதுதான் சரி. அரைகுறையாகக் கண்ணால் கண்டதைச் சொல்வதைவிட ஆதாரத்தோடு சொல்வது எல்லாருக்கும் நல்லது.

மனிதர்கள் தீயதைச் செய்வதற்கு முன் அதற்கு ஒரு நல்ல பெயர் தேடுகிறார்கள் என்று சொல்வார்கள். அவள் தேடவில்லை. பதினெட்டு வருடமாகப் பழகிய பெயர் தானாகவே வந்து நின்றது: ஆதாரம்.

மறுநாள் எண் நூறு கிராம் இறங்கியிருந்தது. அதற்கு மறுநாளும் இறங்கியது. முன்பு வாரத்துக்கு இறங்கியது இப்போது இரண்டு நாளில் இறங்கியது. அவள் அதைக் கவனித்தாள். பார், தப்பு முற்றுகிறது என்று நினைத்துக்கொண்டாள். ஏன் திடீரென்று வேகம் கூடியது என்று தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வேறு யாருடைய டப்பாவாக இருந்தாலும் கேட்டிருப்பாள். மாமனாரின் கழுத்துக்கும் சட்டைக் காலருக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி வந்தது. மேசையில் அவர் இரண்டாவது முறை சூப் கேட்டு வாங்கிக் குடிப்பதை அவள் எதிரே உட்கார்ந்து பார்த்தாள். தினமும் ஒருமுறையாவது சொல் நாக்கு நுனி வரை வந்தது. வந்த வழியே அதைத் திருப்பி அனுப்ப அவளால் முடிந்தது.

அடுத்த திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் டப்பாவில் சேர்த்தார்கள். வியாழக்கிழமை காலை அதைத் துணிப்பையில் போட்டு, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு அவளே கொண்டுபோனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், மாமனாருக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோகிறாயா, புண்ணியவதி என்றார். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாப்பாடுதான், கொஞ்சம் தாமதமான சாப்பாடு.

சொந்தக்காரர்களின் பரிசோதனையில் கையெழுத்துப் போடக் கூடாது என்று கூடத்தில் விதி. ரத்த மேசைக்காரர் மேற்பார்வை பார்க்க, அவளே வேலையைச் செய்தாள். குலுக்கினாள், காய்ச்சினாள், ஆற வைத்தாள். கடைசியில் குழாயின் திருகைத் திறந்தாள். ஏழு கிராமுக்கு எவ்வளவு காரம் போகும் என்று அவள் கைக்கே தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டியும் மஞ்சளாகவே இருந்தது. இரண்டு மடங்கு போனது. மூன்று மடங்கு போனது. சாயம் அசையவில்லை. சொட்டு விழ விழ அவளுக்குள் ஏதோ ஒன்று ஏறிக்கொண்டே வந்தது. இன்னும், இன்னும் என்று அவள் உதடு அசைந்தது.

நாளுக்கு முப்பத்து நாலு கிராமில் நீலமாயிற்று.

"பாவம் பெரியவர்" என்றார் ரத்த மேசைக்காரர். "நீங்க என்னக்கா சிரிக்கிறீங்க?"

அவள் திருகை மூடினாள். கண்ணாடியில் பார்க்காமலேயே தன் முகம் எப்படி இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் குழாயைக் கழுவினாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள். அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பத்து நாள் ஆன பிறகு சொல்வது முதல் நாள் சொல்வதைப் போல இல்லை. இப்போது சொன்னால் முதல் கேள்வி அவளைப் பார்த்துத்தான் வரும். இனி திங்கட்கிழமைதான்.

திங்கட்கிழமை, டாக்டர் அனுப்பிவைத்த உணவு ஆலோசகரின் அறையில் மூன்று நாற்காலி. மாமனார் நடுவில் உட்கார்ந்தார், மருமகள்கள் இரண்டு பக்கமும். ஆலோசகர் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிய நடுவயதுப் பெண்மணி. தாளைப் பார்த்துவிட்டு, இந்த எண்ணைப் பார்த்தால் மாத்திரையே போடாதவர் மாதிரி இருக்கிறது என்றார். ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார். போடுகிறார் என்றாள் இளையவள். எப்படிப் போடுகிறார் என்று கேட்டார் ஆலோசகர்.

மூத்தவள் பதிமூன்று நாளாகக் காத்திருந்த கேள்வி இது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இளையவள் ஒளிக்காமல் சொன்னாள். மாமாவுக்கு விழுங்க முடியவில்லை, அதனால் திறந்து சூப்பில் கலந்துவிடுகிறேன் என்றாள். சூப் எவ்வளவு சூடாக இருக்கும் என்று ஆலோசகர் கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே இளையவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. குரல் இறங்கியது.

"அடுப்புலேருந்து எறக்கினதும்தான் போடுவேன். முதல்ல மத்தியானம் மட்டும்தான் அப்படிப் பண்ணேன். எனக்கே சந்தேகமா இருந்துச்சு. காலையிலயும் ராத்திரியும் முழுசாத்தான் குடுத்துட்டு இருந்தேன், கஷ்டப்பட்டாவது முழுங்குவாரு. அப்புறம் ஒரு நாளு அக்கா வாசல்ல நின்னு பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. அக்காவுக்கு இதுதானே வேலையே. தப்பா இருந்தா விடுவாங்களா? அதுக்கப்புறம்தான் தைரியமா மூணு வேளையும் அப்படியே குடுத்தேன்." அவள் மாமனாரைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "பாத்தீங்கல்லக்கா?"

குற்றம் சாட்டுகிற குரலில்லை அது. தனக்குச் சாட்சி சொல்ல வருவாள் என்று நம்பிக் கேட்ட குரல்.

மூத்தவளின் மனத்தில் காலண்டர் கட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வேகம் கூடியது ஏன் என்று அவள் கேட்டுக்கொள்ளாத கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அவளுடைய வாய்மூடலை அந்தப் பெண் முத்திரையாக எடுத்துக்கொண்டிருந்தாள். கவனிக்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் களைத்து வந்த நாள் அது, கரண்ட் இல்லை, கவனிக்கவில்லை. யாரும் மறுக்க முடியாது. அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

"பாத்தேன்" என்றாள்.

"தப்புன்னும் தெரியும்" என்று அவளே சேர்த்துச் சொன்னாள்.

ஆலோசகர் பேனாவை மூடிவைத்தார். வீட்டுச் சண்டைகளை நிறையப் பார்த்தவர் போலிருக்கிறது, வேலை விஷயத்துக்கு வந்துவிட்டார். கூட்டைத் திறந்தது தப்பில்லை என்றார். விழுங்க முடியாதவர்களுக்குத் திறந்தே கொடுக்கலாம். சூடும் க்ரீமும்தான் தப்பு, குருணையின் பூச்சு புளிப்பில்தான் கரையாமல் நிற்கும். புளிப்பான பழக்கூழ், நன்றாக ஆறியது, ஒரு கரண்டியில் எடுத்து அதன்மேல் தூவி, கடிக்காமல் உடனே விழுங்க வேண்டும், பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்து வாயில் ஒன்றும் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூத்தவளுக்கு இது தெரியாது. மலத்தில் முடிகிற பகுதிதான் அவளுக்குத் தெரிந்தது. திறப்பதே குற்றம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இரண்டு மாதம் அந்த மனிதர் அவளெதிரே கண்ணீரோடு விழுங்கியது தேவையே இல்லை.

மாமனார் அதுவரை எதிர்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது மூத்தவள் பக்கம் திரும்பினார்.

"எத்தன நாளு?"

"பதிமூணு, மாமா."

அவர் உதட்டுக்குள் கழித்தார். "அன்னிக்கு ஐம்பத்து மூணு நூறு. இன்னிக்குக் காலையில ஐம்பத்தொண்ணு எண்ணூறு. ஒரு கிலோ முந்நூறு" என்றார். கைத்தடியை ஊன்றி எழுந்தார். "சரி, வாங்க போலாம். பசிக்குது."

ஆஸ்பத்திரி வாசலில் அவரை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, வண்டி பிடிக்க இருவரும் தெருவோரம் நின்றார்கள். ஏன் சொல்லவில்லை என்று இளையவள் கேட்டாள். ஆதாரம் வேண்டியிருந்தது என்று சொல்ல மூத்தவளுக்கு வாய் வந்தது. அந்தச் சொல்லைத் திருப்பி அனுப்பினாள்.

"உன்ன எல்லார் முன்னாடியும் மாட்டி விடணும்னு இருந்தேன்" என்றாள்.

"நான் உங்களுக்கு என்னக்கா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல."

அதுதான் உண்மை. அது போதாது என்பதும் இருவருக்கும் தெரிந்தது. இளையவள் அழவில்லை, திட்டவும் இல்லை. வந்து நின்ற வண்டியில் மாமனாரை ஏற்றிவிட்டு, தான் முன் இருக்கையில் ஓட்டுநர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மன்னிப்பு என்று எதுவும் நடந்ததாகச் சொல்ல முடியாது. கணவருக்கு விஷயம் தெரிந்து, அவர் நாலு நாள் மூத்தவளிடம் தேவைக்கு மட்டும் பேசினார். லாரிக்காரன் திரும்பி வந்ததும் அண்ணன் வீட்டுச் சமையலே வேண்டாம், மாடியில் தனி அடுப்பு வைப்போம் என்று குதித்தான். இளையவள்தான் வேண்டாம் என்றாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று மூத்தவளுக்குப் பல நாள் புரியவில்லை. நல்லவள் என்பதற்காக இருக்கலாம். மாமாவின் சாப்பாட்டைப் பாதியில் விட மனம் இல்லாமல் இருக்கலாம். அவ்வளவு சுலபமாக விடமாட்டேன் என்றும் இருக்கலாம். மனிதர்கள் ஒரு காரியத்தை ஒரே காரணத்துக்காகச் செய்வது அபூர்வம்.

அவள் கொண்டுவந்த ஏற்பாடு இது. மூத்தவள் வந்த பிறகுதான் ராத்திரிச் சாப்பாடு. ஆப்பிளை வேகவைத்து மசித்து, எலுமிச்சை பிழிந்து, கிண்ணத்தில் ஆற வைத்து, மேசைக்குக் கொண்டுவருவாள் இளையவள். கூட்டைத் திறப்பதற்கு முன் எல்லார் முன்னாலும் கிண்ணத்தை மூத்தவளிடம் நீட்டுவாள்.

"சரியா இருக்காக்கா? வாயத் தொறந்து சொல்லுங்க."

முதல் தடவை மூத்தவளுக்குக் காது வரை சூடேறியது. தலையசைத்தாள். தலையாட்டல் செல்லாது என்றாள் இளையவள். மாமனார் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். "சரியா இருக்கு" என்று சொல்ல வேண்டியதாயிற்று. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். ஒரு வாரத்தில் கேள்வியில் இருந்த முள் கொஞ்சம் மழுங்கியது, அடியோடு போகவில்லை. எடை ஏற ஆரம்பித்தது. ஐம்பத்து இரண்டரை, ஐம்பத்து மூன்று. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, பெரியவர் முகத்தில் தெளிச்சி வந்துவிட்டதே என்றபோது, "எல்லாம் சின்னவ கைப்பக்குவம்" என்றார் மாமனார். மூத்தவள் அங்கேயேதான் இருந்தாள். பழைய இடத்தில், பழையபடியே எரிந்தது. சொல்லிவிட்டதால் அது அணைந்துவிடும் என்று அவள் எங்கோ எதிர்பார்த்திருந்தாள் போல.

ஐம்பத்து நாலைத் தொட்ட அன்று ராத்திரி இளையவளுக்கு அடுக்களை வேலை முடிய நேரமாகி, கூழை அவசரமாக மசித்துக் கொண்டுவந்தாள். மாமனார் நல்ல பசியில் இருந்தார். அவள் கூட்டைத் திருகத் தயாராகப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கிண்ணத்தை விளிம்பில் பிடித்து நீட்டினாள். "சரியாக்கா?"

மூத்தவள் புறங்கையைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"சூடா இருக்கு" என்றாள்.

இளையவளின் முகம் மாறியது. மாமனார் கரண்டியைத் தட்டில் வைத்தார். ஒரு கணம் எல்லாரும் மூத்தவளைத்தான் பார்த்தார்கள், கிண்ணத்தைப் பார்க்கவில்லை. அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. கையை எடுத்து, முன்றானையில் துடைத்து, மறுபடியும் வைத்துப் பார்த்தாள். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கிண்ணத்தை இளையவள் பக்கம் தள்ளி, நீயே தொட்டுப் பார் என்றாள்.

இளையவள் விரலை வைத்தாள். வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"ஆமாக்கா" என்றாள். "சூடுதான்."

கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்து, மூத்தவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பசிக்கிறது என்று மாமனார் முணுமுணுத்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று இருவரும் சொன்னார்கள்.